நடை பழகும் குழந்தையும் நாய்க்குட்டியும்

காவிரிப் படுகைக் கிராமங்களில் விவசாயியின் வீட்டுக்கு நாய் ஒரு நல்ல துணை. களத்தில் குவித்த நெல்லுக்கும், கொட்டிலில் கட்டிய ஆடு மாடுகளுக்கும், கொல்லையில் அடையும் கோழிகளுக்கும் இரவுக் காவல் அதுவே. பழைய நாய் இறந்ததும் புதிதாக ஒரு குட்டியைக் கொண்டுவந்து வளர்ப்பது வழக்கம். அவ்வீட்டில் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால், குட்டியை வளர்ப்பதில் தனிக் கவனம் தேவை.

நாய்க்குட்டி விளையாட்டாகக் கடிக்கும். குழந்தை விளையாட்டாக அதன் வாலையும் காதையும் இழுக்கும். இரண்டுக்கும் விவரம் தெரியாது. குட்டியின் 28 பால் பற்களும் ஊசிபோல் கூர்மையானவை. பல் முளைத்து மாறும் பருவத்தில், அதாவது ஏறக்குறைய ஏழு மாதம் வரை, அது எதையும் கடித்துப் பார்க்கும். குழந்தை தரையில் உட்கார்ந்தால் அதன் முகம் குட்டியின் வாய்க்கு நேராக இருக்கும். ஆகவே முகத்திலும் தலையிலும் காயம் படும் வாய்ப்பு பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு அதிகம். வெறிநோயை உண்டாக்கும் வைரஸ் நரம்பு வழியாகவே மூளைக்குச் செல்வதால், முகத்துக் காயம் மிகவும் ஆபத்தானது.

ரேபீஸ் எனப்படும் இந்நோய் மனிதருக்கு வருவதில் 100க்கு 99 நாயால் வருவதே. இந்நோயால் இறப்போரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்றும் மருந்து இல்லை. அதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்தால் நோயை முழுமையாகத் தடுக்கலாம்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி பழகுகிறது. தடுப்பூசி போட்ட தாயின் குட்டியைத் தெரிந்தவர் வீட்டிலிருந்து வாங்குவதே நலம்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8 வரை திருவிழா நடக்கிறது. இத்தகைய கூட்ட நாட்களில் உணவுக் கழிவு சேரும் இடங்களில் தெருநாய்கள் கூடும். அங்கே திரியும் குட்டியைக் குழந்தை ஆசைப்பட்டது என்று தூக்கி வருவது சரியன்று. வெறிநாயிடம் ஏற்கனவே கடிபட்ட குட்டி, நோய் வெளிப்படும்வரை பல வாரங்கள், சில மாதங்கள்கூட, நல்ல குட்டியைப் போலவே இருக்கும். எந்தக் குட்டியானாலும் குழந்தையிடம் விடுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

தடுப்பூசி

மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். மறு ஊசிக்கு உரிய நாளை மருத்துவர் குறித்துக் கொடுப்பார். அதன்பின் ஆண்டுதோறும் போட வேண்டும். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. அதற்கு மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை குட்டியைத் தெருவில் அலைய விடக் கூடாது. உலக ரேபீஸ் தினமான செப்டம்பர் 28ஐ ஒட்டிப் பல ஊர்களில் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுகின்றன. ஊசி போட்ட அட்டையை ரேஷன் கார்டைப் போலப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.

இடம் பிரித்தல்

சம்பா நடவு தொடங்கியதும் பெண்கள் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். குழந்தை பாட்டியிடமோ, பள்ளிக்குப் போகும் அக்காவிடமோ இருக்கும். கவனக்குறைவு நேர்வது இத்தகைய வேளைகளில்தான். விதி ஒன்றே: விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதபோது, குழந்தையும் குட்டியும் ஒன்றாக இருக்கக் கூடாது. பாட்டி அடுப்படிக்குப் போகும் ஐந்து நிமிடமானாலும் இவ்விதி பொருந்தும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. நிழலான இடத்தில் கோழிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் குட்டியை உள்ளே விடலாம். குட்டி வளர்ந்தபின் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி கட்டி இடத்தைப் பிரிக்கலாம். தூளியில் குழந்தை உறங்கும்போது குட்டி அதனடியில் படுக்கக் கூடாது. குட்டியின் சோற்றுத் தட்டைக் குழந்தை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குழந்தை பிஸ்கட்டோ முறுக்கோ தின்னும்போது குட்டி அருகில் இருக்கக் கூடாது.

குட்டியோடு கையைக் கொடுத்து விளையாடக் கூடாது. அது கையைக் கடித்தால் விளையாட்டை உடனே நிறுத்திவிட்டு, பழந்துணி முடிச்சு ஒன்றைக் கடிக்கக் கொடுக்கலாம். குச்சியால் அடித்து வளர்த்த குட்டி பின்னாளில் பயந்து கடிக்கும். உடல் விறைப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, அடிக்கடி உதட்டை நக்குவது, உறுமுவது ஆகியவை குட்டி தரும் எச்சரிக்கைகள். இவற்றைக் கண்டதும் குழந்தையைத் தூக்கிவிட வேண்டும். உறுமியதற்காகக் குட்டியை அடித்தால், அடுத்த முறை அது உறுமாமலேயே கடிக்கும்.

மண்ணும் புழுவும்

குட்டிகளின் குடலில் உருளைப்புழுவும் கொக்கிப்புழுவும் சாதாரணமாகக் காணப்படும். உருளைப்புழுவின் முட்டைகள் எச்சத்தோடு மண்ணில் கலந்து, சில வாரங்களில் நோய் தரும் நிலையை அடையும். மண் தின்னும் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் அப்புழுவின் இளம்பருவம் ஈரல், நுரையீரல், கண் வரை செல்லக்கூடும். கொக்கிப்புழுவோ ஈரமான மணலில் வெறுங்காலின் தோலைத் துளைக்கும். கடலோர மணற்பாங்கான கிராமங்களில் இதை மறக்கக் கூடாது.

ஆகவே குடற்புழு மருந்தைப் பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்க வேண்டும். மருந்தின் அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது. அதை மருத்துவரிடம் கேட்டறியவும். எச்சத்தை அன்றன்றே அகற்றி, குழந்தை விளையாடாத இடத்தில் ஆழமாகப் புதைக்கவும்.

கடித்தால் செய்ய வேண்டியவை

நடை பழகும் குழந்தைக்கு நடந்ததைச் சொல்லத் தெரியாது. தினமும் மாலை குளிப்பாட்டும்போது கை, கால், முகம், தலை எல்லாம் பார்க்க வேண்டும். பல்லோ நகமோ பட்ட கீறல் இருந்தால், குட்டிதானே என்றும் வீட்டு நாய்தானே என்றும் விட்டுவிடக் கூடாது.

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதே முதல் மருத்துவம். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. கட்டுப் போடவும் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ குழந்தையைக் கொண்டுபோக வேண்டும். குட்டியின் ஊசி அட்டையையும் எடுத்துச் செல்லவும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற அச்சத்தால் சிலர் இன்றும் தயங்குகின்றனர். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அம்மருந்து 2005க்குப் பின் இந்தியாவில் பயன்பாட்டில் இல்லை. இப்போதைய ஊசி, தொடங்கும் நாளை 0 எனக் கொண்டு, 0, 3, 7, 28ஆம் நாட்களில் தோலில் போடப்படுகிறது. தசையில் போடும் முறையானால் 14ஆம் நாளும் சேரும். இரத்தம் வந்த காயமானால் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவர். இடையில் ஒரு நாளையும் தவறவிடக் கூடாது.

கடித்த குட்டியைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. குட்டி இருட்டில் ஒதுங்கினாலோ, எச்சில் ஒழுக்கினாலோ, காரணமின்றிக் கடித்தாலோ, இறந்தாலோ, வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கும், குழந்தைக்கு ஊசி போடும் மருத்துவருக்கும் உடனே தெரிவிக்கவும்.

நல்ல குட்டி பத்து ஆண்டுக்கு மேல் வீட்டைக் காக்கும். முதல் ஆண்டில் அதன்மீதும் குழந்தையின்மீதும் பெரியவர்களின் கண் இருந்தால் போதும். இரண்டும் நலமாக வளர்ந்து ஒன்றுக்கொன்று நல்ல துணையாகும்.