தேசப்படமும் கூட்டாலோசனையும்
பலர் கூடி விரைந்து முடிவு செய்யவேண்டிய காரியங்களில், அனைவர் கண்முன்னும் ஒரே படம் விளங்குதல் இன்றியமையாதது. 1940-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டனைத் தாக்கியபோது, லண்டனை அடுத்த அக்ஸ்பிரிட்ஜ் நிலவறையில் இம்முறை சிறப்புறக் கையாளப்பட்டதை ஈண்டு நோக்குவோம்.

ரேடாரும் காவலரும் அளித்த செய்திகள் தொலைபேசி வழியே வந்தன. பெண்டிர் நீண்ட கோல்களால் மேசைமீதிருந்த பெரும்படத்தில் குறிகளை நகர்த்த, தலைவர்கள் மேலிருந்து நோக்கினர். சுவர்க்கடிகாரம் 5 நிமிஷப் பகுதிகளாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என வர்ணமிடப்பட்டிருந்தது. செய்தி வந்த வேளையின் வர்ணமே படத்திலிட்ட அம்புக்குறிக்கும் அமைந்தது. ஆதலின் புதியது எது, பழையது எது என்பதை யாவரும் வினவாமலே உணர்ந்தனர்.

மணிக்கு 180 மைல் செல்லும் விமானம் 5 நிமிஷத்தில் 15 மைல் கடந்துவிடும். பழங்குறியை நம்பி அனுப்பப்படும் வீரர் வெறும் வானத்தையே காண்பர். எனவே, இடத்தோடு செய்தியின் வயதையும் காட்டும் படமே கூட்டாலோசனைக்கு உற்ற துணையாம்.