இல்லத்தில் ஓர் இணையச் சேவையகம்

கணினியைக் கண்டு ஒதுங்குவோர் நம்முள் இன்னும் பலர் உளர். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றுத் தமிழ் கற்பிக்கப் புகுந்த யாமும் நெடுங்காலம் அவ்வரிசையிலேயே நின்றோம். நம் கல்லூரியின் பழைய மலர்கள் செல்லரித்து அழிவதைக் கண்டபோதே எமது அச்சம் அகன்றது. தலவிலக் கடற்கரையிலுள்ள எமது இல்லத்தில் சிறியதொரு சேவையகத்தை அமைத்து, அம்மலர்களை அதில் ஏற்றத் தொடங்கினோம். அவ்வனுபவத்தையே ஈண்டு ஒரு பாடமாகத் தருகின்றோம். பழைய மாணவரும் இன்றைய மாணவரும் தத்தம் இல்லத்தில் இதனைச் செய்து பார்க்கலாம்.

சேவையகம் என்பது யாது?

நூலகத்திற் சென்று நூலொன்றின் பெயரைச் சொல்கின்றோம். நூலகர் அதனை எடுத்துத் தருகின்றார். இணையத்தில் நிகழ்வதும் இதுவே. கேட்பது நமது கைப்பேசியிலுள்ள இணைய மேலோடி. எடுத்துத் தருவது சேவையகம். இதற்கெனப் பெரும்பொறி வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் ரிம் பேணர்ஸ்-லீ என்னும் அறிஞர் அமைத்த உலகின் முதல் இணையச் சேவையகமும் மேசைமேல் வைக்கும் கணினி ஒன்றே. அது சேவையகம் என்றும், அதன் மின்னை எவரும் நிறுத்தலாகாது என்றும் சிவப்பு மையால் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தனர். அவ்வெச்சரிக்கை நமக்கும் வேண்டியதே.

முதலாம் படி: பொறியும் இடமும்

வீட்டில் ஒதுக்கிவைத்த 64 பிற்றுக் கணினி ஒன்று போதும். நினைவகம் 2 கிகாபைற்று, வன்தட்டு 100 கிகாபைற்று இருப்பின் தொடங்கலாம். மடிக்கணினியாயின் மிக நன்று; அதன் மின்கலம் மின்வெட்டின்போது சிறிது நேரம் தாங்கும். நுரைச்சோலையில் 900 மெகாவாற்று மின்நிலையம் எமக்கு அண்மையில் இருப்பினும் மின்வெட்டு எம்மை விட்டுவைப்பதில்லை. ஆதலின் தடையிலா மின்வழங்கி ஒன்றையும் பொருத்துக. ரவுட்டரையும் அதனோடு இணைத்தல் வேண்டும். இன்றேல் கணினி விழித்திருந்தும் பயனில்லை.

எம்போற் கடலோரம் வாழ்வோர்க்கு உப்புக்காற்று மற்றொரு பகை. அது கணினியின் உலோக இணைப்புகளை அரிக்கும். கடலை நோக்கிய சாளரத்தருகே கணினியை வையற்க. பொலித்தீனால் மூடின் உள்ளே வெப்பம் தங்கும், அதுவும் தீது. மூன்று மாதத்திற்கொருமுறை மின்னை அகற்றி, மென்தூரிகையால் தூசு துடைத்தல் வேண்டும்.

இரண்டாம் படி: பணிசெயல் முறைமை

1993இல் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் இலவச முறைமையை யாம் தெரிந்தோம். வேறொரு கணினியில் அதனைத் தரவிறக்கி, பேனாத் தட்டொன்றில் ஏற்றுக. கோப்பினை வெறுமனே படியெடுத்தால் கணினி அதிலிருந்து எழாது. தொடக்கத்தட்டாக எழுதும் மென்பொருளைப் பயன்படுத்தல் வேண்டும். நிறுவும்போது பழைய வன்தட்டில் உள்ளவை யாவும் அழியும். குடும்பப் படங்கள் இருப்பின் முன்னரே அகற்றிக்கொள்க.

நிறுவும் மொழிகளுள் தமிழும் உண்டு என்பது தமிழாசிரியர்க்கு உவகை தருவதாகும். மென்பொருள்களைத் தெரியும் பட்டியலில், திரைக்காட்சிக்குரிய மேசைத்தளத்தை விலக்கி, இணையச் சேவையகம், தொலைநுழைவுச் சேவையகம், பொதுக் கருவிகள் ஆகிய மூன்றையும் குறியிடுக. 1995இல் வெளிவந்த அப்பாச்சி என்னும் சேவையக மென்பொருள் தானே வந்து அமையும்.

மூன்றாம் படி: முகவரி

வீதியில் வீட்டிலக்கம் போல, ரவுட்டர் ஒவ்வொரு பொறிக்கும் 192.168.1.10 போன்றதோர் இலக்கம் வழங்கும். அது நாளுக்கொன்றாக மாறாதவாறு ரவுட்டரின் அமைப்பில் நிலைப்படுத்துக. பின்னர் அதே வலையமைப்பில் உள்ள கைப்பேசியின் மேலோடியில் அவ்விலக்கத்தை இடுக. அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் தோன்றுமாயின் சேவையகம் பிறந்துவிட்டது. முதன்முறை அது தோன்றியபோது எமது இல்லத்தார் அனைவரும் கூடி நின்று பார்த்தோம்.

நான்காம் படி: தமிழ்ப் பக்கம்

பக்கங்களை வைத்தற்குரிய கோப்புறையில் எழுதும் உரிமை முதலில் நிருவாகிக்கே உண்டு. அதனை உமது பயனர் பெயருக்கும் வழங்குக. பின்னர் பைல்சில்லா போன்ற இலவச மென்பொருளால் கோப்புகளை அனுப்பலாம்.

இங்கு ஒன்றை வற்புறுத்துகின்றோம். நம்மவர் பலர் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சிடுகின்றனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். ஆதலின் ஒருங்குறிக்கு மாற்றியே ஏற்றுக. 1991 முதல் ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் உள. நாம் எண்ணும் 247 எழுத்துகளும் அவற்றுள் அடங்குவது எங்ஙனம்? 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படும். யூரிஎவ்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைற்று. ஆகவே 'கொ' ஆறு பைற்று. பக்கத்தின் தலைப்பகுதியில் இம்முறையின் பெயரைக் குறியாதுவிடின் எழுத்துகள் சிதையக்கூடும்.

ஐந்தாம் படி: காப்புப் பிரதி

இப்படியை யாம் கைவிட்டோம். அதன் பயனையும் நுகர்ந்தோம். 2022இல் நாடெங்கும் நீண்ட மின்வெட்டு நிலவியது. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீடித்தது. அந்நாள்களில் ஒருநாள் எமது வன்தட்டு பழுதாயிற்று. மூன்று மாதம் இருந்து தட்டச்சிட்ட மலரொன்று அதனோடு மறைந்தது. அதன் தாட்பிரதியையோ முன்னரே கறையான் அரித்திருந்தது. தம் தந்தையார் மாணவப் பருவத்தில் எழுதிய கட்டுரையைத் தேடி வந்த பழைய மாணவர் ஒருவரை வெறுங்கையுடன் அனுப்ப நேர்ந்தது. இயந்திரத்தின் மேற் பழி சுமத்துதல் தகாது, பிழை எம்முடையதே.

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எத்துணை இடர் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோதே நம்மினம் கற்றிருத்தல் வேண்டும். ஆகவே மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும். ஒன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும். இன்று எமது இரண்டாம் பிரதி தனி வன்தட்டொன்றிலும், மூன்றாவது புத்தளத்து உறவினர் இல்லத்திலும் உள்ளன.

ஆறாம் படி: உலகிற்குத் திறத்தல்

அன்னம்மாள் ஆலயத் திருவிழாவின்போது எமதூருக்கு நாடெங்குமிருந்து மக்கள் வருவர்; வாயிலைத் திறந்துவைத்தால் வேண்டாதவரும் நுழைவர். சேவையகமும் அத்தகையதே. உலகோர் அதனை அடைய 80, 443 ஆகிய இரு வாயில்களை ரவுட்டரிலே திறத்தல் வேண்டும். ஆயின் உலகின் பழைய முறை இணைய இலக்கங்கள் ஏறத்தாழ 430 கோடியே. ஆதலின் பல வீடுகள் ஒரே இலக்கத்தைப் பகிர்தல் உண்டு. அவ்வாறாயின் தனி நிலையிலக்கத்தை இணைய வழங்குநரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். நீண்ட கடவுச்சொல், காலந்தவறாப் புதுப்பிப்பு, இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகிய மூன்றும் அமையுமுன் வாயிலைத் திறவற்க. ஓராண்டு இல்லத்துள்ளேயே நடத்திப் பழகுதல் நன்று.

உலகெங்கும் வாசிக்கத் தருதற்கு வேறு வழியும் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கி வருகின்றன. ஈழத்து மலர்கள் பல நூலகத்தில் உள. நம் மலர்களும் ஆங்கு இடம்பெறின் அவற்றின் ஆயுள் நீளும்.

பழைய மாணவர்களே! உங்கள் பெட்டகங்களில் நம் கல்லூரி மலர் ஏதேனும் கிடக்குமாயின், கறையானுக்கு முன் எம்மிடம் தருக. படியெடுத்தபின் மூலத்தைத் திருப்பித் தருவோம். யாம் இழந்த மலரின் பிரதி உங்களுள் எவரிடமேனும் இருத்தல் கூடும். அதற்கென ஓர் இடத்தை எமது சேவையகத்தில் ஒதுக்கியே வைத்துள்ளோம்.