வாளியைக் கீழே வை, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கொல்லைக் குளம் பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது, என்ன மருந்து போடலாம் என்று கேட்டிருக்கிறாய். வெட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மருந்தா? தவளையும் தட்டானும் வரவேண்டும் என்று ஆசைப்பட்டவன் நீதானே! மயில்துத்தம் வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. பாசியோடு நத்தையும் தலைப்பிரட்டையும் சாகும். செத்த பாசி அடியில் அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, மிச்சமிருப்பவையும் மூச்சுத் திணறும்.

"சரி, எல்லாவற்றையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறேன்" என்பாய். ஏற்கெனவே இரண்டு முறை இறைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? பச்சைத் தண்ணீரை வடிகட்டித் தின்னும் நீர்த்தெள்ளுகள், மிகச் சின்னவை, அப்போதுதான் பெருகத் தொடங்கியிருக்கும். அவற்றையும் சாக்கடையில் விட்டிருப்பாய். போர்த் தண்ணீரில் நைட்ரேட் இருந்தால் அதுவும் பாசிக்குத்தான் தீனி. வற்றும் அளவுக்கு மட்டும், மாடியில் பிடித்த மழைத்தண்ணீரை விடு.

இப்போது உண்மையைச் சொல். அல்லித் தொட்டியில் மாட்டெரு போட்டாயா? போட்டிருப்பாய். ரோஜாவுக்குப் போடுகிற கை சும்மா இருக்குமா! எரு கரைந்து தண்ணீரில் கலக்கிறது. வெயிலும் சேர்ந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? தொட்டியை வெளியே எடுத்து, எருவில்லாத வெறும் களிமண்ணில் அல்லியை மாற்றி நடு. மேலே ஒரு பிடி கூழாங்கல் பரப்பு. இலைகள் விரிந்து குளத்தில் பாதிக்கு மேல் நிழல் விழவேண்டும். அடியில் நாலைந்து கொத்து வேலம்பாசிச் செடியைக் கல்லில் கட்டிப் போடு. மிச்ச உரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். வெங்காயத்தாமரையும் உறிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகிவிடும். ஐப்பசி மழையில் குளம் வழிந்தால் நேரே ஏரிக்குப் போகும். அந்தப் பழி நம் வீட்டுக்கு வேண்டாம்.

"நாலே நாலு கோல்டு ஃபிஷ் மட்டும், மாமா" என்று இழுக்காதே. நீர்த்தெள்ளைத் தின்னும், சேற்றைக் கிளறும், கழிவால் உரம் சேர்க்கும். போதாததற்கு நீ வேறு பொரி போடுவாய். கொசு வருமே என்று உங்கம்மா கேட்பாள், நியாயம்தான். தட்டானின் இளம்பூச்சிகள் கொசுப்புழுவைத் தின்னும். ஆனால் அவை வந்து சேரும்வரை தினமும் குனிந்து பார்த்து வலையால் அள்ளுவது உன் வேலை. டெங்கு கொசுவுக்குக் குளத்தைவிட, பழைய டயரும் ஃபிரிட்ஜின் பின்தட்டும்தான் பிடித்த இடம் என்றும் அவளிடம் சொல்.

நூல் நூலாகத் திரளும் பாசியைக் கம்பில் பஞ்சுமிட்டாய் போலச் சுற்றி எடுக்கலாம். எடுத்ததும் தூக்கி எறியாதே. ஓர் இரவு கரையோரம் கிடக்கட்டும். உள்ளே மாட்டிய பூச்சிகள் தண்ணீருக்குத் திரும்பிவிடும். பிறகு தென்னைக்குப் போடு. ஒன்று மட்டும் எச்சரிக்கை: மேலே பெயின்ட் கொட்டியதுபோல் நீலப்பச்சை ஏடு படிந்தால் அதில் கை வைக்காதே, நாயையும் கிட்டே விடாதே. அதில் விஷம் இருக்கலாம்.

எத்தனை நாளில் தெளியும் என்று கேட்காதே. அல்லி இலை விரிய வேண்டும், தலைப்பிரட்டை பாசியைச் சுரண்டித் தின்ன வேண்டும், எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கல் கண்ணுக்குத் தெரிகிற அன்று எனக்கு எழுது. அதுவரை அந்த வாளியை உங்கம்மாவிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொல்.

அன்புடன்,
மாமா