மின்னளவியும் மனையகமும்

எங்கள் மனையின் முன்சுவரில், வாயிற்கதவுக்கு வலப்புறமாக, கரிய பெட்டி ஒன்று நெடுங்காலம் இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னே அலுமினியத் தட்டொன்று சுழலும். இளமையில் அதனை நோக்கி நிற்றல் எனக்கு ஒரு விளையாட்டு. அன்னையார் மாவரைக்கும் எந்திரத்தை முடுக்கினால் தட்டு விரைந்தோடும். இரவில் விளக்கெல்லாம் அணைந்தபின் நத்தைபோல் ஊரும். இரண்டு திங்களுக்கு ஒருமுறை மின்வாரியத்துக் கணக்கீட்டாளர் வந்து, பெட்டியில் தோன்றும் எண்ணைப் பார்த்து, வெள்ளை அட்டையிற் குறித்துச் செல்வார். ஆண்டொன்றுக்கு ஆறு எண்கள். எங்கள் குடும்பத்தைப் பற்றி மின்வாரியம் அறிந்தது அவ்வளவே.

மின்னை அளத்தற்கென எழுந்த கருவிகள் யாவும் தொடக்கத்தில் இவ்வியல்பினவே. அமெரிக்க அறிஞர் எடிசன் தம் வாடிக்கையாளர் மனைகளில் வைத்த கருவியில், துத்தநாகத் தகடுகள் ஒரு கரைசலில் மூழ்கியிருக்கும். மின்னோட்டத்தால் ஒரு தகட்டினின்று மற்றொன்றுக்குத் துத்தநாகம் பெயரும். திங்கள்தோறும் அத்தகட்டை எடுத்து நிறுத்துப் பார்த்து, நிறை மாறிய அளவுக்குப் பணம் பெற்றனர். பொன்வணிகர் தராசு போன்றதொரு முறை! பின்னர் 1889ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் பொறியாளர் ஒட்டோ பிளாத்தி என்பார் காப்புரிமை பெற்ற சுழல்தட்டு அளவியே, உருவிற் பலவாறு திருந்தி, நூறாண்டுக்கு மேலாக உலகமெங்கும் வழங்கிற்று. தகடாயினும் தட்டாயினும் அது விடை கூறிய வினா ஒன்றே: எவ்வளவு?

இக்காலத்தே ஸ்மார்ட் மீட்டர் என வழங்கும் புதிய மின்னளவி, எவ்வளவு என்பதோடு எப்பொழுது என்பதையும் கூறுகின்றது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அல்லது அரைமணிக்கு ஒருமுறை, அவ்விடைவேளையிற் செலவான மின்னளவைக் குறித்து, அதனை வானலை வழியாகவோ கம்பி வழியாகவோ நிலையத்துக்கு அனுப்புகின்றது. பதினைந்து நிமிடக் கணக்காயின் நாளொன்றுக்கு 96 எண்கள், ஆண்டொன்றுக்கு 35,040. ஆறு எங்கே, முப்பத்தையாயிரம் எங்கே! இவ்வேற்றுமையை அளவின் வேற்றுமை என்று கொள்ளுதல் பிழை. இது பொருளின் வேற்றுமை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இக்கருவியால் விளையும் நன்மையை மறுப்பார் இலர். மின்னாற்றல் நெல்லைப்போற் குதிரில் எளிதிற் சேமிக்கத் தக்கதன்று. ஆக்கிய கணத்திலேயே பெரிதும் செலவாதல் வேண்டும். மாலையில் எல்லா மனைகளிலும் ஒருங்கே விளக்கும் விசிறியும் இயங்குங்கால் எத்தெருவில் எத்துணைச் சுமை ஏறுகின்றது என அறியின் மின்நிலையத்தார் முன்னேற்பாடு செய்தல் எளிது. கம்பி அறுந்த இடமும் களவாய் இழுத்த இடமும் விரைவில் வெளிப்படும். கூரையின்மேற் கதிரொளித் தகடு அமைத்தோர்க்குக் கொடுக்கல் வாங்கல் இரண்டையும் பிரித்தறிதலும் கூடும்.

நிற்க. இக்கருவியைக் குறித்து மக்கள் அஞ்சும் அச்சங்கள் பல. அவற்றுட் சில என் சிந்தையில் நெடிது நிற்கவில்லை. வானலையால் உடல்நலம் கெடும் என்பார் உளர். பிரித்தானியப் பொதுநலத் துறையினர் அளந்து பார்த்து, அவ்வலையின் வலிமை அனைத்து நாட்டு வரையறையினும் மிகக் குறைந்ததே எனக் கண்டனர். கட்டணம் ஏறிவிடும் என்னும் அச்சம் சிறிது ஆராயத் தக்கது. நெதர்லாந்து நாட்டு டுவென்ட்டே பல்கலைக்கழகத்தார் ஒன்பது மின்னணு அளவிகளை ஆய்ந்து, ஒளியைக் குறைத்துக் கூட்டும் கருவியோடு இணைந்த சிலவகை விளக்குகள் எரியுங்கால் ஐந்து அளவிகள் மிகைபடக் காட்டின என 2017ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஒன்று 582 விழுக்காடு வரை மிகுத்துக் காட்டிற்றாம். ஆயினும் அஃது ஆய்வுக்கூடத்திற் கடுஞ்சூழலை வருவித்துக் கண்ட முடிபு; எல்லா மனைக்கும் அதனை ஏற்றுதல் முறையன்று. பிழைபட்ட கருவியை மாற்றிவிடலாம். பிழையின்றி இயங்கும் கருவியால் வரும் இடர்ப்பாடே என்னைப் பெரிதும் தொட்டது.

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தே 1980களில் ஜார்ஜ் ஹார்ட் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சியை மேற்கொண்டார். மனைக்குள் அடியெடுத்து வையாது, புறத்தே நின்று, மொத்த மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் நோக்கி, உள்ளே எக்கருவி எப்பொழுது இயங்கிற்று என அறிதல் கூடுமோ என்பதே அவர் வினா. கூடும் என்று கண்டார். வழி எளியது. வெந்நீர்க் கருவி ஒன்றை முடுக்கினால் மின்சுமை ஒரேயடியாக 2,000 வாட் ஏறுகின்றது. நிறுத்தினால் அவ்வளவே இறங்குகின்றது. குளிர்பதனப் பெட்டி இரவெல்லாம் நூற்றைம்பது வாட் ஏறியும் இறங்கியும் ஒழுங்காக மூச்சுவிடுகின்றது. ஏறிய படிக்கு ஒத்த இறங்கிய படியை இணைத்துப் பார்த்தால் கருவியின் பெயரும் அது இயங்கிய நேரமும் கைவரும். மணலிற் பதிந்த சுவட்டைக் கண்டு சென்ற விலங்கை உணரும் வேட்டுவன் தொழில் இது. தம் முறையை அவர் 1992இல் விரிவாக வெளியிட்டார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1989இல், இம்முறை மனைகளை ஒற்றாடற்கும் உதவும் என எச்சரித்து வேறொரு கட்டுரை வரைந்தமை போற்றத் தக்கது. தாம் ஆக்கியதன் தீமையைத் தாமே முதலில் உரைப்பார் உலகிற் சிலரே.

ஹார்ட் முறைக்கு நொடிக்கணக்கான நுண்ணளவு வேண்டும் என்பதை மறைத்தல் ஆகாது. இடைவேளை குறுகக் குறுக மறை பெருகும். ஜெர்மானிய நாட்டு மூன்ஸ்டர் நகரத்து ஆராய்ச்சியாளர் 2011இல், இரண்டு நொடிக்கு ஒருமுறை அனுப்பும் அளவியின் எண்களைக் கொண்டு, தொலைக்காட்சியில் ஓடிய திரைப்படம் இன்னதென்றே காட்டினர். காட்சியின் ஒளியும் இருளும் மின்செலவிற் பதிந்துவிடுகின்றன. பதினைந்து நிமிட அளவு அவ்வளவு கூரியதன்று. எனினும் அதுவே எத்துணை கூறுகின்றது! ஐந்து மணிக்கு எழுவார் உளர். ஒன்பது மணிக்குப்பின் மனையில் ஒருவரும் இலர். பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குச் சென்றனர். சென்ற கிழமை முதல் இரவெல்லாம் ஒரு விளக்கு எரிகின்றது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையோ, நோயாளரோ, துயிலிழந்த தாயோ? அவ்வொன்று மட்டும் எண்களுக்குத் தெரியாது.

இதனை எண்ணுங்கால், தமிழ் பயிலும் மாணாக்கர்க்குத் தொல்காப்பியத்து அகத்திணையியல் நினைவுக்கு வாராதிராது. வீட்டுக்கும் உள்ளத்துக்கும் அகம் என ஒரு சொல்லையே நம் முன்னோர் வைத்தனர். ஒத்த அன்பின் ஒழுக்கத்தைப் பாடுங்கால் எவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்று விதித்தனர். தலைவி துயிலாமை, தோழியின் கவலை, தாயின் ஐயம் யாவும் பாட்டில் வரும். அவள் இன்னாள் என்பது மட்டும் வாராது. ஒரு சிறு குறி இவ்வெல்லையை அழித்துவிடும் என்பதற்கு நெடுநல்வாடையே சான்று. தலைவனைப் பிரிந்த அரசியின் வாட்டத்தை அப்பாட்டு அகமெனவே விரிக்கின்றது. ஆயினும் பாசறையில் வேலின்மேல் வேப்பந்தார் சூட்டியதாக ஓரிடத்தில் வருதலால், வேம்பு பாண்டியர்க்கு அடையாளமாதல் பற்றி, அதனை அகமென்னாது புறமென்றே கொள்ளவேண்டும் என்பது நச்சினார்க்கினியர் துணிபு. ஒரு பூவினால் அகம் புறமாயிற்று! மின்னளவி அனுப்பும் எண்களிற் பெயர் இல்லை என்று அமைதி கூறுவார் இதனை நோக்குக. ஒவ்வோர் அளவிக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணே அதன் வேப்பந்தார்.

இவ்வேறுபாட்டை நீதிமன்றம் ஒன்றும் ஆராய நேர்ந்தது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து நேப்பர்வில் நகராட்சி தானே மின்வழங்கும் நகராட்சி. அது மனைதோறும் புதிய அளவியைப் பொருத்தியபோது, உடன்படாத குடிமக்கள் குழுவாய் வழக்கிட்டனர். பழைய அளவி கூறியதையே புதியதும் கூறுகின்றது, இதில் மறை யாது என்பது கீழ்நீதிமன்றத்தின் கருத்து. 2018 ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. திங்களின் மொத்தம் வேறு, பதினைந்து நிமிடத்து வரிசை வேறு. பின்னது மனையகத்து நிகழ்ச்சியைக் காட்டுதலின், அரசமைப்பின் நான்காம் திருத்தம் கூறும் சோதனையே ஆகும் என்றது. இதற்கு முன் மனைச்சுவரின் வெப்பத்தைத் தெருவில் நின்று கருவியால் நோக்கிய காவலரின் செயலும் சோதனையே என உச்ச நீதிமன்றம் 2001இல் விதித்திருந்தமை துணையாயிற்று. ஆயினும் வழக்கிட்டோர் வெல்லவில்லை. நகராட்சி குற்றங்காண இதனைச் செய்யவில்லை, மின்கட்டமைப்பைத் திருத்தவே செய்தது. ஆதலின் இச்சோதனை நேரியதே என முடிந்தது. இடைவேளை இன்னும் குறுகினாலோ, காவல்துறையினர் எளிதில் எடுத்துக்கொள்ள நேர்ந்தாலோ தீர்ப்பு வேறாகலாம் என்றும் நீதிமன்றம் குறித்துவைத்தது.

நெதர்லாந்தில் முடிவு வேறு. புதிய அளவியை ஒவ்வொரு மனையும் ஏற்றே தீரவேண்டும் என்னும் சட்ட முன்வரைவைக் கீழவை 2008இல் நிறைவேற்றிற்று. மறுப்பவர்க்கு 17,000 யூரோ வரை தண்டமோ ஆறு திங்கள் வரை சிறையோ விதிக்கலாம். அளவி ஒன்றை மறுத்ததற்குச் சிறை! நுகர்வோர் சங்கத்தார் டில்பர்க் பல்கலைக்கழகச் சட்ட அறிஞரைக் கொண்டு ஆராய்வித்து, குடும்ப வாழ்வையும் மனையையும் காக்கும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் எட்டாம் உறுப்புக்கு இது முரண் எனக் காட்டினர். 2009இல் மேலவை அவ்வரைவை ஏற்க மறுத்தது. அதனால் அளவியே ஒழிந்துபோகவில்லை. திருத்திய சட்டம் 2011இல் வந்தது. அதன்படி விரும்பாதவர் மறுக்க இடமிருந்தது. கருவியைப் பொருத்தியும் எண் அனுப்பாது நிறுத்திவைக்க இடமிருந்தது. மற்றையோரிடத்தும் வழக்கமாக இரண்டு திங்களுக்கு ஒருமுறையே எண் பெறப்பட்டது. நாள்தோறும் பெறுதற்கு மனையோர் இசைவு வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஆறு எண்கள்! எங்கள் வெள்ளை அட்டையின் கணக்கை வடகடற்கரையிற் சட்டமாகக் கண்டபோது நான் நகைத்தேன்.

பிறிதொன்றும் கூறவேண்டும். புதிய அளவி பெரும்பாலும் தன்னுள்ளே ஒரு சாவியையும் கொண்டது. தொலைவிலிருந்தே மின்னை நிறுத்தலாம். அச்சாவி யார் கையது எனக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ராஸ் ஆண்டர்சன், தம் உடனாய்வாளரோடு, 2010இல் வினவினார். பகைவர் கைப்படின் நாடே இருளும் என்பது அவர் கவலை. எளியோர் கவலை அதனினும் அண்மையது. பிரித்தானியாவில் கடன்பட்டோரின் அளவியைத் தொலைவிலிருந்தே முன்பண முறைக்கு மாற்றும் வழக்கம் பெருகியது. வலிந்து செய்யும் இம்மாற்றத்தை நிறுத்திவைக்குமாறு 2023 பிப்ரவரியில் அந்நாட்டு ஒழுங்குமுறை அலுவலகம் மின்வழங்குவோரைக் கேட்டுக்கொண்டது. முன்னாளில் மின்னைத் துண்டிக்க ஒருவர் வாயில்வரை வரவேண்டும். தொட்டிலிற் பிள்ளை இருப்பதைக் காண்பார், இரண்டு நாள் பொறுப்பார். சாவிக்குக் கண் இல்லை.

இந்திய அரசு 2021இல் வகுத்த திட்டம் 2025 மார்ச்சுக்குள் 25 கோடி முன்பண மின்னளவிகளைப் பொருத்தக் கருதியது. அவ்வெல்லைக்குள் அது நிறைவேறவில்லை. நம் தமிழ்நாட்டிலும் சென்னைத் தியாகராய நகரில் முன்னோட்டமாகச் சில பொருத்தப்பட்டன. தனிமறைவு அடிப்படை உரிமையே என நம் உச்ச நீதிமன்றத்து ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமித்துத் தீர்ப்பளித்திருத்தலின், நேப்பர்வில்லில் எழுந்த வினா இங்கும் எழுதற்கு இடமுண்டு. 2023ஆம் ஆண்டு விதிகள், புதிய அளவி பொருத்திய பின்னர் நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு வழி செய்துள்ளன. ஆதலின் எப்பொழுது என்பதும் கணக்குக்கு வேண்டும் என்பார். வேண்டும், எனினும் எத்துணை வேண்டும்? நாளினைக் கதிரொளி நேரம், உச்ச நேரம், ஏனைய நேரம் என மூன்றாகப் பகுத்தால், அளவி தன்னுள்ளேயே மூன்று கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு, திங்கள் முடிவில் மூன்று எண்களை அனுப்பினாற் போதும். அதற்குக் கருவியின் ஆற்றல் மிகையே. பணங்கொள்ள மூன்று எண் போதுமாயின், மற்றை எண்கள் எதற்கு, யாரிடம், எத்தனை ஆண்டு இருக்கும் என வினவுதல் குடிமக்கள் உரிமை.

எங்கள் தெருவுக்கு அக்கருவி இன்னும் வரவில்லை. வந்தால் பொருத்த வருபவரிடம் இதனைக் கேட்பேன் என்றார் தந்தையார். பொருத்த வருபவர் ஆணியும் திருகியும் கொண்டு வருபவர். அவர் என் செய்வார்? வாரியத்துக்கே விண்ணப்பம் எழுதவேண்டும் என்றேன். தமிழ் ஆனர்ஸ் படிப்பது பின் எதற்கு, நீயே எழுது என்றுவிட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.