பூட் பிளாக் தேதி பார்க்காமல் ப்ராசஸர் வாங்காதீர்கள்

பழைய ஒர்க்ஸ்டேஷனில் ப்ராசஸர் மாற்ற நினைப்பவர்கள் காசை எடுத்து நீட்டுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். மெஷினை ஆன் செய்தவுடன் எஃப்10 பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். நீலத் திரையோ சாம்பல் திரையோ, ஏதோ ஒன்று வரும். அதில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குள் போனால் ‘பூட் பிளாக் டேட்’ என்று ஒரு வரி இருக்கும். ஹெச்பி இசட்420, இசட்620, இசட்820 மூன்றுக்கும் இது பொருந்தும். அங்கே 2013 என்று இருந்தால் ஜியான் இ5 வரிசையில் வி2 ப்ராசஸர் போடலாம். 2011 என்று இருந்தால் வி2 எழுதாத முதல் தலைமுறை மட்டும்தான். பயாஸை எவ்வளவு அப்டேட் செய்தாலும் அந்தத் தேதி மாறாது.

இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். சொல்லவில்லை.

நான் சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்கிறவன். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களில் எங்களுக்குத் தூக்கம் என்பதே கிடையாது. 20க்கு 30 அங்குலத்தில் ஒரு முருகன் படம், 300 டிபிஐ, நாலு கலர் என்றால் ஒரு லேயரே 200 எம்பியைத் தாண்டும். மயிலுக்குத் தனி, வேலுக்குத் தனி, பின்னாலிருக்கும் மலைக்கும் மேகத்துக்கும் தனித்தனி என்று ஏறிக்கொண்டே போகும். பார்ட்டி வந்து “மயிலைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்க அண்ணாச்சி” என்பார். தள்ளிவிட்டு டீ குடித்து வரலாம், என் பழைய கம்ப்யூட்டரில்.

அதனால்தான் லீஸ் முடிந்து வந்த இசட்420 ஒன்றை வாங்கினேன். 2012-இல் சந்தைக்கு வந்த மாடல். “இந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புது லேப்டாப்பே வாங்கலாமே அத்தான்” என்றான் மச்சினன். எந்த லேப்டாப்பில் எட்டு ராம் ஸ்லாட் இருக்கிறது என்று கேட்டேன். இன்றுவரை அவனிடம் பதில் இல்லை.

எஸ்எஸ்டி மாட்டுவதெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்கிற வேலை. போர்டில் 6 ஜிகாபிட் சாட்டா இணைப்பு இரண்டுதான் உண்டு, மற்றவை 3. வேகமான இணைப்பில் விண்டோஸ் எஸ்எஸ்டியை மாட்டுங்கள், அவ்வளவுதான். என்விஎம்இ வேண்டுமென்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டர் கார்டில் போட்டு ஸ்க்ராட்ச் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த பயாஸ் அதிலிருந்து நேரடியாக பூட் ஆகாது.

ராம் வாங்கும்போது ஸ்டிக்கரில் பிசி3-12800 என்ற எண்ணுக்குப் பின்னாலுள்ள எழுத்தைப் பாருங்கள். ‘ஆர்’ என்றிருந்தால் சர்வரில் கழற்றிய ரெஜிஸ்டர்டு ராம். கடையில் கொள்ளை மலிவாகத் தருவார்கள், ஸ்லாட்டிலும் கச்சிதமாக உட்காரும். ஆனால் இசட்420 பீப் அடித்துவிட்டு நின்றுவிடும். ‘இ’ என்று முடிவதுதான் நமக்கு. மெமரிக்கு நாலு சேனல் இருப்பதால் நாலு நாலாகப் போடுங்கள். நான் எட்டு ஜிபி ராம் எட்டு போட்டேன், 64 ஜிபி. இந்த மாடல் ஏற்பதே அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தியிருந்தாலும் வேலை ஓடியிருக்கும். உள்ளே இருந்தது இ5-1620, நாலு கோர். மெஷின் விற்றவரே ஒருநாள் போன் செய்தார். “சார், உங்க இசட்420க்கு இ5-1650 வி2 ஒண்ணு வந்திருக்கு. ஆறு கோர். அதே சாக்கெட்தான், அப்படியே உட்காரும்.” சாக்கெட் அதேதான், எல்ஜிஏ 2011. உட்காரவும் உட்கார்ந்தது.

கூலரைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, நாலு ஸ்க்ரூவையும் குறுக்குமறுக்காக மாற்றி மாற்றி இறுக்கி ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை.

அன்றிரவு நான் பட்ட பாடு! இந்த சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, ப்ராசஸரில் இல்லை. ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. பிரிண்ட்டில் டாட் பார்க்கிற லென்ஸை எடுத்து 2011 பின்களையும் வரிசை வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் நேராகத்தான் நின்றன. ராமைக் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டை ஸ்லாட் மாற்றினேன். கடைசியில் பழைய ப்ராசஸரை வைத்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் விண்டோஸ் வந்தது.

விற்றவரைக் கேட்டால், “பயாஸ் அப்டேட் பண்ணுங்க சார், ஓடும்” என்றார். 3.96 வரை ஏற்றினேன். புது ப்ராசஸரை வைத்தேன். திரும்பவும் இருட்டு. பிறகுதான் எஃப்10 திரையில் அந்த வரி கண்ணில் பட்டது: 12/30/2011. பூட் பிளாக் என்பது மெஷின் விழித்ததும் முதலில் ஓடும் சின்ன நிரல். சிப்பில் பூட்டிவைத்த பகுதியில் இருப்பதால் சாதாரண பயாஸ் அப்டேட் அதைத் தொடுவதில்லை. வி2 வருமுன் எழுதப்பட்ட நிரலுக்கு வி2-வை எழுப்பத் தெரியாது. போர்டையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் ப்ரோகிராமர் கருவியை வைத்து சிப்பில் திருப்பி எழுத வேண்டும். சீசன் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம்.

திருப்பித் தருகிறேன் என்றதற்கு அவர் சொன்ன பதில்: “ப்ராசஸர் நல்லாத்தான் சார் இருக்கு. உங்க போர்டுதான் பழசு.” அந்தப் பழைய போர்டை எனக்கு விற்றதே அவர்தானே!

“பார்த்து வாங்கியிருக்கணும் அத்தான்” என்கிறான் மச்சினன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மெஷினும் அவர் கொடுத்தது, ப்ராசஸரும் அவர் கொடுத்தது. இரண்டும் சேருமா என்று பார்க்க வேண்டியது விற்கிறவர் பொறுப்பு. நீங்களும் இப்படித்தான் போனில் பேசி வாங்குவீர்கள் என்பதால் சொல்கிறேன்: எஃப்10 திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, ‘இந்த போர்டில் ஓடும்’ என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் போடுங்கள். எழுதித் தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது வேறொருவரிடம் வாங்கிய வி2 இல்லாத இ5-1650 ஓடுகிறது. இதுவும் ஆறு கோர்தான். அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், வி2-வில் 3.5. டர்போவில் 3.8க்கு 3.9. இந்த வித்தியாசத்தை மயில் தள்ளும்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஃபோட்டோஷாப்பில் பாதி வேலை ஒரே கோரில்தான் நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மாற்றம் தந்தது ராமும் எஸ்எஸ்டியும்தான். ஆறு கோரின் அருமை மொத்தமாக பிடிஎஃப் எடுக்கும்போது கொஞ்சம் தெரிகிறது.

கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன் பவர் சப்ளையில் 400 வாட்டா 600 வாட்டா என்று பாருங்கள். 600-இல் ஆறு பின் இணைப்பு இரண்டு இருக்கும். வெளியில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை இதில் அப்படியே சேராது. கார்டே இல்லாமலும் ஓட்ட முடியாது. இந்த ஜியான்களில் டிஸ்ப்ளே கிடையாது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதே என்பதுதான் மச்சினனின் கடைசி அஸ்திரம். இந்த ப்ராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை என்பதும் உண்மை. என் டிசைன் மெஷினில் நெட் இணைப்பே இல்லை. மெயிலும் வாட்ஸப்பும் பில் போடுகிற கம்ப்யூட்டரில். ஃபைல் பென் டிரைவில் வரும், ஸ்கேன் பண்ணித்தான் உள்ளே விடுவேன்.

அந்த வி2 ப்ராசஸர் டப்பாவோடு அப்படியே இருக்கிறது. 2013 தேதி போட்ட இசட்420 வைத்திருப்பவர் வந்தால், நான் கொடுத்த விலைக்கே தருகிறேன். பேரம் கிடையாது.