கொடியசைக்கும் நேரத்தை நாய் சொல்லட்டும்

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை என் நாய் செவலையோடு நடந்தேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "வாயில்லா ஜீவனை ஏன் சார் வதைக்கிறீங்க?" என்பதுதான். கேட்டவர்களில் பலர் தங்கள் நாயை நாள் முழுக்க மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருப்பவர்கள். செவலை தெருவில் பிறந்த நாட்டு நாய். ஒல்லி உடம்பு, நீண்ட கால்கள். கால்நடை மருத்துவர் இதயத்தையும் மூட்டுகளையும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே கிளம்பினோம். சப்பை மூக்குப் பக் நாயையோ ரோமம் அடர்ந்த ஹஸ்கியையோ வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் புறப்பட வேண்டாம். நம் ஊர் வெக்கையை அவை தாங்காது.

தெருநாய்களின் கருத்தடைக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கும் பணம் திரட்டத்தான் நடந்தோம். பிடித்து, அறுவை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவது என்ற இந்த முறையைச் சென்னையில் புளூ கிராஸ் 1964-லேயே தொடங்கிவிட்டது. மத்திய அரசின் 2023 விதிகள் சொல்வதும் அதுதான். அறுவை முடிந்த நாய்க்கு அடையாளமாகக் காது நுனியில் சிறிதாக வெட்டியிருப்பார்கள். வழிநெடுக நான் நாய்களின் காதுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். திருவான்மியூரிலும் நீலாங்கரையிலும் வெட்டுப்பட்ட காதுகள் நிறையத் தென்பட்டன. மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிய பிறகு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இந்த நடை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்தக் காதுகள்தான்.

எங்களுக்குப் பெரிய நஷ்டம் முதல் நாளே வந்தது. விடியற்காலை நாலரைக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்புவதாகத்தான் பேச்சு. நன்கொடையைக் கையாண்ட அறக்கட்டளைக்காரர்கள் அதை ஏழு மணி ஆக்கினார்கள், ஒரு பிரமுகர் கொடியசைக்க வேண்டும் என்று. அவர் வந்து சேர்ந்தபோது பத்து தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு பொன்னாடை, மைக், செவலை கழுத்தில் சாமந்தி மாலை. எல்லாம் முடிந்து, பேனரைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டமே நீலாங்கரை வரை நடந்தது. அவ்வளவு பேர் காலிலும் செருப்பு இருந்தது. நாயை வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்று நான் சொன்னபோது, "அது இல்லாம போட்டோ எப்படி சார்? மார்கழி வெயில்தானே!" என்றார்கள்.

மார்கழி வெயில் தோலுக்கு இதம்தான். தாருக்கு மாதக் கணக்கு கிடையாது. காற்றில் 25 டிகிரி இருந்தாலே, நேர்வெயில் படும் தார்ச் சாலை 50 டிகிரியைத் தாண்டிவிடும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் அது உடம்பைக் குளிர்விக்க முடியும். இன்னொன்றையும் அந்தக் கூட்டத்தில் யாரும் யோசிக்கவில்லை: பாதம் வெந்தாலும் நம் பின்னால் வருவதுதான் நாயின் குணம். செவலை ஒரு இடத்திலும் நிற்கவில்லை, முனகவில்லை. சாயங்காலம் நிழலில் படுத்து ஓயாமல் பாதத்தை நக்கியபோது தூக்கிப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டிலும் தோல் உரிந்து ரோஸ் நிறச் சதை தெரிந்தது.

புதுத்தோல் வரும்வரை நடக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். கோவளத்தில் ஒரு நண்பரின் வீட்டுத் திண்ணையில் தங்கினோம். குளிர்ந்த விடியல்கள் ஒவ்வொன்றாக வீணாயின. எந்த ஊருக்கு எந்தத் தேதியில் வருவோம் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று காத்திருந்துவிட்டுக் கலைந்தார்கள். தருவதாகச் சொன்ன சிலர் கை விரித்தார்கள். கடைசியில் அறக்கட்டளையிலிருந்தே போன் வந்தது: "ஏன் சார் லேட்?"

நீங்கள் மறுத்திருக்கலாமே என்பார்கள். அன்று மேடையில் அறிவித்த தொகை எத்தனையோ நாய்களின் அறுவைச் செலவு. அதை வேண்டாமென்று தள்ள எனக்கு உரிமையில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சொன்ன நேரத்துக்கு வர வேண்டியது அவர்கள் கடமை. நாயோடு நடக்கக் கிளம்பும் நீங்கள் செய்ய வேண்டியது இது: விழாவை முந்தின நாள் மாலையிலேயே ஒரு மண்டபத்தில் முடித்துவிடுங்கள், படம் எடுப்பதைப் புல்தரையில் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டீஸில் ஊர்ப் பெயர் மட்டும் போதும், தேதி வேண்டாம். வழியில் புறங்கையைத் தாரில் வைத்து ஏழு விநாடி எண்ணுங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது. யார் வந்து நின்றாலும் கையை எடுக்காமல் எண்ணி முடியுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய நாய் பூட்ஸை நம்ப வேண்டாம். செவலைக்கு அது கழன்று கழன்று விழுந்ததோடு கணுக்காலையும் உரசிப் புண்ணாக்கியது.

மற்றவை சுலபம். விடியலில் கிளம்பி எட்டரைக்குள் நிறுத்தினால் 12 கிலோமீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடங்கள். நாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் வண்டிக்கும் அதற்கும் நடுவே நீங்கள் இருப்பீர்கள். கழுத்துப் பட்டையில் ஒளிரும் பட்டி ஒட்டுங்கள். தண்ணீர் கேனோடு முன்னால் போய் நிற்கப் பைக் வைத்திருக்கும் மைத்துனர் உங்களுக்கும் ஒருவர் இருப்பார். அவரை இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கச் சொல்லுங்கள். கடற்கரையில் விட்டால் நாய் உப்புத் தண்ணீரைக் குடித்து வாந்தியெடுக்கும். தினமும் ராத்திரி காது மடல், விரலிடுக்கு எல்லாம் விரித்து உண்ணி பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் ரத்தத்தையே கெடுத்துவிடும். மூன்று மாதம் காக்கும் மாத்திரை இருக்கிறது, கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஊர் எல்லைக்கு எல்லை தெருநாய்க் கூட்டம் பாய்ந்து வரும். கம்பை ஓங்காதீர்கள், உங்கள் நாயைத் தூக்காதீர்கள். குடையைப் பட்டென்று விரித்து நடுவில் பிடித்தபடி நிதானமாக நடந்தால் பெரும்பாலும் தங்கள் எல்லையோடு நின்றுவிடும். நாய்க்கு மட்டும் ஊசி போட்டால் போதாது. கடிபடுமுன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியை நானும் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகும் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

கடலூர் தாண்டியதும் மனிதர்கள் மாறிவிடுவார்கள். வேளாங்கண்ணிக்கு ஆண்டுதோறும் காவியுடுத்தி நடப்பவர்களைப் பார்த்துப் பழகிய சாலை அது. "ஏம்பா, நாய்க்குமா வேண்டுதல்?" என்று கேட்ட டீக்கடை அம்மா செவலைக்கு வாளி நிறையத் தண்ணீர் வைத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். ஆனால் அன்போடு தருவதையெல்லாம் நாய்க்குக் கொடுத்துவிட முடியாது. சாம்பார் சாதத்தில் இருக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். "விரதம்மா" என்று சொல்லிக் கும்பிட்டேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. செவலைக்கு இரவில் மட்டும், நடந்து முடித்து இளைப்பு அடங்கிய பிறகு, சோறும் ஈரலும் முட்டையும்.

பணத்தைக் கையில் வாங்காதீர்கள். நான் வாங்கவில்லை, அப்படியிருந்தும் என் சொந்தக்காரர் ஒருவர், "நாயை வைச்சு நல்லா சம்பாதிச்சுட்டான்" என்று கல்யாண வீட்டில் பேசினார். கியூஆர் அட்டையை என் முதுகுப்பையில் தொங்கவிட்டிருந்தேன். போட்டவர் பணம் நேராக அறக்கட்டளைக் கணக்குக்குப் போனது. ரொக்கமாகத்தான் தருவேன் என்று அடம்பிடிக்கும் பெரிய மனிதரிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது என்று சொல்லுங்கள். போனை எடுத்துவிடுவார்.

திரும்பி வருவதை யாரும் யோசிப்பதில்லை. பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். ரயிலில் நாய் நம்மோடு வர வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசியில் அறை முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு வண்டியின் கூண்டுதான். அவ்வளவு தூரம் நடந்தவனைக் கூண்டில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. நாகையில் ஒரு குட்டியானை லோடு வண்டி பேசி, வைக்கோல் பரப்பி, ராத்திரியே கிளம்பினோம். அந்த வாடகையை என் கையிலிருந்துதான் கொடுத்தேன். நீங்களும் கிளம்புமுன்பே அதைத் தனியாக எடுத்து வையுங்கள். நன்கொடைக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட அதற்குத் தொடாதீர்கள்.