வன்முறையைத் தடுப்பது யார் பொறுப்பு?



போடிநாயக்கனூரை ஏலக்காய் நகரம் என்கிறோம். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களில் எல்லாச் சாதியாரும் உண்டு, எல்லா மதத்தாரும் உண்டு. மலையில் ஒன்றாக உழைக்கும் மக்கள் வாழும் இதே ஊரில்தான் 1989 செப்டம்பரில் சாதிக் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன.

இப்படி நடக்கும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழும். "அரிவாள் எடுத்தவனைத் தண்டியுங்கள், போதும்" என்பது ஒன்று. "வேலையில்லை, படிப்பில்லை, அவன் என்ன செய்வான்?" என்பது மற்றொன்று. மார்க்கம் என்ன சொல்கிறது?

கை அவனுடையது

ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் சொல்லும் அடிப்படை (6:164, 17:15). மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் (புகாரி, முஸ்லிம்). "கூட்டாளி கூப்பிட்டான், போனேன்" என்ற பதில் மறுமையில் எடுபடாது.

பட்டினி போட்டவனையும் கேட்டார்கள்

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஹாத்திப் என்பவரின் அடிமைகள் ஓர் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். முதலில் தண்டனைக்கு உத்தரவிட்ட உமர் (ரலி), எஜமானர் அவர்களைப் பட்டினி போடுகிறார் என்று கருதி அதை நிறுத்தினார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம். எஜமானர் 800 திர்ஹம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள் (முவத்தா). திருட்டு சரி என்று அவர்கள் சொல்லவில்லை. திருட வைத்தவரையும் கணக்கில் சேர்த்தார்கள்.

நம் மாநிலமும் இதை உணர்ந்ததுண்டு. 1990களில் தென்மாவட்டங்களில் சாதி மோதல்கள் பெருகியபோது, தொழில்கள் வந்தால் மோதல் குறையும் என்று நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் குழு பரிந்துரைத்தது. பல சாதியாரும் ஒரே குடியிருப்பில் வாழ சமத்துவபுரங்கள் கட்டப்பட்டன. தேவையான பணிகள்தான். ஆனால் 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் யார்? பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள்! கட்டடம் இருந்தது, புத்தகம் இருந்தது. உள்ளம் திருந்தவில்லை.

ஒரு கோடாரி

ஏலம் போடிக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்களும் ஓர் ஏலம் போட்டார்கள். உதவி கேட்டு வந்த அன்சாரி ஒருவரின் போர்வையையும் கிண்ணத்தையும் கூட்டத்தில் வைத்து, 2 திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒன்றில் வீட்டுக்கு உணவு, மற்றொன்றில் கோடாரி. தம் கையாலேயே அதற்குக் காம்பு பொருத்தி, "விறகு வெட்டி விற்று வாருங்கள்" என்று அனுப்பினார்கள். 15 நாள் கழித்து அவர் 10 திர்ஹத்துடன் வந்தார் (அபூதாவூத்).

கோடாரியை ஏற்பாடு செய்தது சமூகத் தலைவர். வெட்டியது அவருடைய கை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

சகோதரர்களே! காய் பறிப்பு இல்லாத கோடை மாதங்களில் நம் தெருவில் சும்மா இருக்கும் இளைஞர்கள் யார் யார் என்று ஜமாஅத்துக்குத் தெரியுமா? ஸகாத்தைச் சில்லறையாகப் பிரிக்காமல், தையல் இயந்திரமாக, ஓட்டுநர் பயிற்சியாகக் கொடுக்க முடியாதா? பிற சமுதாயத்து ஏழைப் பிள்ளைக்கும் நம் ஸதகாவில் இடமுண்டே!

பெற்றோர்களே! பிள்ளை யாருடன் இரவில் சுற்றுகிறான் என்று விசாரியுங்கள். அநியாயம் செய்பவனுக்கு உதவி, அவன் கையைப் பிடித்து நிறுத்துவதே என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (புகாரி). கலவரம் நடந்த பிறகு அந்தக் கையைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. அதற்கு முன் பிடிப்பது நம் வேலை.

பசியிலிருந்தும் பயத்திலிருந்தும் நம் ஊரை அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.